பூட்டிய அறைக் கதவைப் பிறாண்டும் நாய்

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலும் திறக்கும் பழைய வீட்டில் நானும் எண்பது வயதைக் கடந்த என் மாமியாரும் மட்டும் இருக்கிறோம். மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் வளர்த்த ஜாக் ரஸ்ஸல் டெரியர் நாயை, சிங்கப்பூருக்குக் குடிபோகும்போது ஏழு மாதங்களுக்கு முன்பு எங்களிடம் விட்டுச் சென்றார்கள். இரண்டு வயது ஆண் நாய்; எடை எட்டரைக் கிலோ. அவர்கள் வைத்த பெயர் ஜிஞ்சர். எங்கள் வீட்டில் அது இஞ்சி ஆகிவிட்டது. தோட்டம் முழுவதும் குழி பறிக்கிறது. வேலிக்கு அடியில் நுழைந்து பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டைக் கொன்றுவிட்டது. கூப்பிட்டால் காது கேளாதது போலப் போகிறது. இரண்டாங்கட்டில் பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையின் முன்னால் தலையைச் சாய்த்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. பிறகு தேக்குக் கதவைப் பிறாண்டுகிறது. அந்த அறையில் ஏதோ இருக்கிறது என்று மாமியார் பயப்படுகிறார். சென்ற வாரம் வேலைக்கு வரும் பெண், கட்டிலுக்கு அடியில் அது வைத்திருந்த செருப்பை இழுத்தபோது கையில் பல் பதியக் கடித்துவிட்டது. இதைக் கட்டிப் போடுவதா, கருத்தடை செய்தால் அடங்குமா, அல்லது கல்லல் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவதா? கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

பதில்:

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

நாயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கடிபட்ட பெண்ணைப் பற்றிப் பேசிவிட வேண்டும். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினீர்களா என்பதும், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றீர்களா என்பதும் கடிதத்தில் இல்லை. இன்னும் போகவில்லை என்றால் இதைப் படித்த கையோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை முதல் நாள், 3, 7, 28 ஆம் நாள்கள் என்ற கணக்கில் அங்கே போடுவார்கள். ஒரு வாரம் கடந்துவிட்டது என்பது போகாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று நம் பக்கத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். இஞ்சிக்குப் போட வேண்டிய ஆண்டு ஊசியே இரண்டு மாதம் தவறிப் போயிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அதை வெளியில் விடாமல் கவனித்துவிட்டு, நலமாக இருந்தால் பதினோராம் நாள் அதற்கும் ஊசி போட்டுவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஆகும் வண்டிச் செலவும், வேலைக்கு வர முடியாத நாள்களின் கூலியும் உங்களைச் சேர்ந்தவை என்று சொல்வது ஒரு கால்நடை மருத்துவரின் வேலை அல்ல என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

இனி இஞ்சி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குழி, கோழி, கேளாத காது, கதவு, கடி என்று ஐந்து குற்றங்களை எழுதியிருக்கிறீர்கள். ஐந்தும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன என்பது என் கணிப்பு. அந்த நாய் எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையைத்தான் உங்கள் வீட்டில் செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் கொடுக்காததால் அதுவே தேடி எடுத்துக்கொண்டது.

டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் டெர்ரா என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்த ஜான் ரஸ்ஸல் (1795–1883) நரி வேட்டையில் பெரும் பித்துக் கொண்டவர். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்த 1819 ஆம் ஆண்டு ஒரு பால்காரரிடமிருந்து வாங்கிய ட்ரம்ப் என்ற பெட்டை நாயில்தான் இந்த வழி தொடங்குகிறது என்று சொல்வார்கள். குதிரைகளுக்கு முன்னால் பெரிய வேட்டை நாய்கள் நரியைத் துரத்தும். நரி வளைக்குள் புகுந்துகொண்டால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது சேணத்துப் பையிலிருந்தோ பின்னால் வருபவரின் கையிலிருந்தோ இந்தச் சிறு நாயை இறக்கிவிடுவார்கள். அது இருட்டில், தனியாக, தன்னைவிடக் குறையாத எடையுள்ள நரியை வளைக்குள் எதிர்கொண்டு, கொல்லாமல் குரைத்துக் குரைத்தே அதை வெளியேற்ற வேண்டும். மண்ணுக்கு அடியில் எஜமானின் குரல் எட்டாது. முன்னேறுவதா பின்வாங்குவதா என்று அந்த நாயேதான் முடிவு செய்ய வேண்டும். குரல் எட்டாத இடத்தில் சொந்தப் புத்தியில் நடக்கும் நாயையே பொறுக்கிப் பொறுக்கி இருநூறு வருடமாக இனப்பெருக்கம் செய்துவிட்டு, இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்று நாம் குறைப்படுகிறோம்.

காது கேட்கிறதா என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். வெள்ளை நிறம் மிகுந்த நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. இந்த இனத்திலும் உண்டு. ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னால் தலையை ஒருபுறம் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய், நமக்குக் கேட்காத சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அறையில் இருப்பது எலி. பெரிய ஆச்சியிடம் இதைச் சொல்லி அவர்கள் மனதை ஆற்றுங்கள். நாய் அங்கே காவல் இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கவனித்தால், பெரும்பாலும் மாலை மங்கிய பிறகும் விடியலுக்கு முன்பும் என்று தெரியவரும். எலி நடமாடும் நேரமும் அதுதான்.

உங்களைப் போன்ற வீடுகளைப் பற்றி எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. மகன்களுக்கு ஆளுக்கு ஓர் அறை என்று கட்டிய வீடுகளில், அவர்களின் வழிவந்தவர்கள் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட, சாவி ஓரிடமும் அறை ஓரிடமுமாகக் கிடக்கின்றன. உள்ளே பாட்டி காலத்துப் பித்தளையும் பாயும் பழைய கணக்குப் புத்தகங்களும் அடுக்கியபடி இருக்கும். எலிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. எலி இருந்தால் பாம்பும் வரும். இவை இரண்டுக்கும் இடையில் ஒரு டெரியரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறீர்கள்.

அதனால் சொல்கிறேன்: எலி மருந்து வைக்கவே வைக்காதீர்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வகை மருந்தைத் தின்ற எலியை நாய் கடித்துத் தின்றாலும், மருந்துக் கட்டியையே நேராகத் தின்றாலும், உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு முதல் ஐந்து நாள்கள் கழித்து ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியத் தொடங்கும். அதற்கு வைட்டமின் கே என்ற மாற்று உண்டு. நாள் கடத்தாமல் வந்தால் பிழைக்க வைக்கலாம். கறுப்புப் பொடியாக விற்கும் ஜிங்க் பாஸ்பைடுக்கு அப்படி ஒரு மாற்றும் இல்லை. எலிப்பொறி வையுங்கள், எலி விழுந்த பொறியை நாய்க்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும் என்பதால், ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோஸ்பைரோசிஸுக்கான பகுதி இருக்கிறதா என்று ஊசி போடும்போது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாம்பைக் கண்டால் ராஜபாளையம் நாய் தள்ளி நின்று குரைப்பதை நான் பார்த்திருக்கிறேன். டெரியர் தள்ளி நிற்காது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்துதான்; மனிதருக்குப் போடும் அதே மருந்தை நாய்க்கும் போடுகிறோம். முகம் திடீரென்று ஒருபக்கம் வீங்கினாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ, கட்டுப் போடுவது, கீறுவது, மஞ்சள் பூசுவது எதையும் செய்யாமல் நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். எந்த மருத்துவமனையில் இந்த மருந்து இருப்பில் இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து எழுதி வைத்துக்கொள்வது, அந்த நேரத்தில் நாலு இடத்துக்கு அலைவதைத் தவிர்க்கும்.

இப்போது உங்கள் மூன்று கேள்விகள்.

கட்டிப் போட வேண்டாம். இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இதே போன்ற ஒரு டெரியர் தோட்டத்தைத் தோண்டுகிறது என்றபோது, முன்பின் யோசிக்காமல் முகப்புத் தூணில் கட்டி வைக்கச் சொன்னேன். நான்கு மாதம் கழித்துக் காலில் புண் என்று அழைத்துவந்தார்கள். முன்னங்காலை நக்கி நக்கியே தோலை உரித்து வைத்திருந்தது. தூணைச் சுற்றித் தரையில் அது நடந்த வட்டம் ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பை மங்கவைத்திருந்தது. யார் அருகில் வந்தாலும் பாய்ந்தது. குழி பறித்த நாய் கடிக்கும் நாயானதற்கு என் ஆலோசனைதான் காரணம். ஊர் போகும்போதோ கதவைத் திறந்துவைத்து வேலை செய்யும்போதோ ஒரு மணி நேரம் கட்டுவது வேறு. நாள் முழுவதும் கட்டுவது வேறு.

கருத்தடையால் கொஞ்சம் பலன் உண்டு. பெட்டை நாய் வாடையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும், தூணுக்குத் தூண் சிறுநீர் பெய்வதும் பெரும்பாலான ஆண் நாய்களில் குறையும். தெருவில் பெட்டை நாய்கள் இருக்கும் ஊரில் அதைச் செய்துவிடுவது நல்லதுதான். ஆனால் குழி பறிப்பதும் கோழியைத் துரத்துவதும் அறுவையால் போகாது. வைத்திருக்கும் பொருளைப் பிடுங்கினால் கடிப்பது பயத்திலிருந்தும் பற்றிலிருந்தும் வருவது, அதுவும் போகாது. அறுவைக்குப் பிறகு எடை எளிதில் ஏறும் என்பதால், இப்போதுள்ள எட்டரைக் கிலோவோடு அதைச் செய்ய நான் அவசரப்பட மாட்டேன்.

தோட்டத்துக்கு அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை: அங்கே இரவில் யார் தங்குகிறார்கள்? கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறும், பூச்சி மருந்து டப்பாவும், கறையான் புற்றும் உள்ள இடத்தில், வளையைக் கண்டால் தலையை நுழைக்கும் எட்டரைக் கிலோ நாயைத் தனியாக விடுவது அதை ஒழித்துக் கட்டுவதற்கு ஒரு நாகரிகமான பெயர். அங்கேயே குடியிருந்து அதனோடு நடக்க விரும்பும் ஒரு குடும்பம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், மறுபடி யோசிக்கலாம்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் ஒரு நம்பிக்கையைக் கைவிட வேண்டும். இவ்வளவு பெரிய வீடு, அதிலேயே ஓடிக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள். எந்த நாயும் தனியாக உடற்பயிற்சி செய்வதில்லை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நூற்றைம்பது அடி இருந்தாலும் அது ஒரு வாசற்படியில் படுத்துக்கொண்டு ஏதாவது சத்தத்துக்குக் காத்திருக்கும். இஞ்சிக்கு விடியலில் ஒரு முக்கால் மணி, மாலையில் ஒரு முக்கால் மணி என்று ஒருவரோடு வெளியில் நடை வேண்டும். நீங்களோ பெரிய ஆச்சியோ நடக்க முடியாது என்றால், ஊரில் பொறுப்பான ஒரு கல்லூரிப் பையனுக்கு மாதச் சம்பளம் பேசி விடுங்கள். சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை அதை அனுப்பலாம். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டையும், ஊருணிக்கரை போன்ற வெட்டவெளியில் முப்பது அடி நூல் கயிறும் பயன்படுத்த வேண்டும். கயிறு இல்லாமல் விடும் நாள் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; அணில் ஓடினால் அது போய்விடும், அந்தப் பாதையில் பேருந்து வருகிறதா என்று பார்க்காது.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு மேல் நடை வேண்டாம். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. விளையாட்டு வெறியில் இந்த நாய் தானாக நிறுத்தாது என்பதால், மூச்சிரைப்பு அடங்காமல் நாக்கு செக்கச்செவேல் என்று தொங்கினால் நீங்கள்தான் நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரால் உடம்பு முழுவதையும் நனைத்து மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். நாயின் இயல்பான சூடு ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106 ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து.

குழி பறிப்பதை நிறுத்த முடியாது. இடத்தை மாற்ற முடியும். தோட்டத்து மூலையில், நிழல் விழும் இடமாகப் பார்த்து, நாலடிக்கு நாலடி, ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு பாத்தி வெட்டிப் பொலபொலப்பான மண்ணை நிரப்புங்கள். வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொட்டாங்கச்சிக்குள் வைத்து, அதன் கண்ணெதிரிலேயே மேலாகப் புதையுங்கள். அது தோண்டி எடுக்கும்போது பாராட்டுங்கள். ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாமலும், இன்னும் ஆழத்திலும் புதையுங்கள். வேறு இடத்தில் தோண்டினால் சத்தம் போடாமல் தூக்கிவந்து இங்கே விடுங்கள். பழைய குழிகளை மூடும்போது மேலே கோழிவலைக் கம்பியைப் பரப்பி மண் போட்டால் அங்கே மறுபடி போகாது. வேலி ஓரத்திலும் அதே வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைத்து, அடிப்பாகத்தை உங்கள் பக்கமாக மடக்கிவிட்டால் கோழிக்கூடு வரை வழி இருக்காது. இறந்த கோழிகளுக்குப் பணம் கொடுத்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

செருப்புக் கதைக்கு வருவோம். அந்தப் பெண் செய்தது எல்லோரும் செய்வதுதான்: பிடுங்கினார். இஞ்சியைப் பொறுத்தவரை அது வளைக்குள் பிடித்து வைத்திருந்த இரையை ஒருவர் பறிக்க வந்தார். இதற்கு ‘விடு’ என்ற ஒரு சொல்லைப் பழக்க வேண்டும். அதற்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு துணி உருண்டையைக் கொடுத்துவிட்டு, மூக்கருகில் கோழித் துண்டைக் காட்டுங்கள். வாய் திறக்கும் அந்த நொடியில் ‘விடு’ என்று ஒரே ஒருமுறை சொல்லித் துண்டைக் கொடுங்கள். பிறகு, இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், அந்தத் துணி உருண்டையை அதனிடமே திருப்பிக் கொடுங்கள். விட்டால் இழப்பு இல்லை என்று அது நம்ப வேண்டும். தினம் பத்து முறை, இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல் செய்தால், செருப்புக்கும் அந்தச் சொல் எடுபடச் சில வாரங்கள் ஆகும். அதுவரை செருப்புகள் மாடத்தில் இருக்கட்டும். கட்டிலுக்கு அடியில் யாரும் கை விட வேண்டாம். அடித்தால் அடங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நரியின் பல்லுக்கே பின்வாங்காத நாய், விளக்குமாற்றுக்குப் பின்வாங்காது. திருப்பிக் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

எடையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இந்த இனத்தின் அளவு முறைப்படி உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ என்று கணக்கு, அதாவது ஐந்திலிருந்து ஆறு கிலோ. நரி வளைக்குள் நுழையும் உடம்பா என்று பார்க்க வேட்டைக்காரர்கள் ஒரு சோதனை செய்வார்கள்: முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தால், மேலே கட்டைவிரல்களும் கீழே மற்ற விரல்களும் தொட்டுக்கொள்ள வேண்டும். தையல் டேப்பால் அளந்தால் 40 முதல் 43 சென்டிமீட்டர் இருக்கும். இஞ்சியை அப்படிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் விரல்கள் தொடாது என்று எண்ணுகிறேன். காலையில் இரண்டு இட்லியும் ஒரு மேசைக்கரண்டி நெய்யும் கொடுத்தால், ஆறு கிலோ நாயின் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய பாதி அதிலேயே போய்விடும். வாரத்துக்கு நூறு கிராம் என்ற அளவில், ஆறு மாதத்தில் இறக்கலாம். நாள் உணவை அளந்து வைத்துக்கொண்டு, தட்டில் கொட்டாமல், வளவுத் தூண்களுக்குப் பின்னாலும் பாத்தியிலுமாக ஒளித்து வையுங்கள். அரை மணி நேரம் மோப்பம் பிடித்துத் தேடித் தின்ற நாய் பிறகு நிம்மதியாகத் தூங்கும்.

நம் வீட்டுக் குழம்பு அதற்குக் கண்டிப்பாக ஆகாது. காரத்தால் அல்ல, சின்ன வெங்காயத்தாலும் பூண்டாலும். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அரைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் போதும் என்றால், குழம்புச் சட்டியை வழித்துப் போடும் வீடுகளில் அது பெரிய அளவு அல்ல. பாயசத்து உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெரிய ஆச்சி மடியிலிருந்து நழுவவிடும் பலகாரத்தை நான் தடுக்கப் போவதில்லை. ஒரு கை முறுக்கில் கால்பங்கு என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

உண்ணிக்கு மாதந்தோறும் மருந்து கொடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் விரிசல்களில் அது முட்டையிட்டுப் பெருகும் என்பதால் நாயின்மேல் மட்டும் பார்த்தால் போதாது. காய்ச்சலோடு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை வேண்டும். மூன்று வயதுக்கு மேல் இந்த இனத்தில் விழி வில்லை இடம் நழுவும் பரம்பரை நோய் வருவதுண்டு. கண் சிவந்து, நீலம் பாரித்து, சுருக்கிச் சுருக்கி விழித்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

கடைசியாக அந்த அறை. சாவி யாரிடம் என்று நீங்கள் எழுதவில்லை. பங்காளி வீட்டில் இருந்தால், நாய்க்காக என்று சொல்லாமல் தேக்குக் கதவும் உத்தரமும் எலியால் பாழாகின்றன என்று சொல்லிக் கேளுங்கள், சீக்கிரம் வரும். திறக்கும் நாளில் இஞ்சி முகப்பில் கட்டப்பட்டிருக்கட்டும். அன்றைக்கு மட்டும் அது தகும். விளக்கோடு ஓர் ஆள் முதலில் போய்ப் பாம்பு இருக்கிறதா, பழைய எலி மருந்து கிடக்கிறதா என்று பார்த்து, பாய்களையும் மூட்டைகளையும் வெளியே எடுத்து, தண்ணீர் போகும் தூம்புக்கும் சுவர் ஓட்டைக்கும் கம்பிவலை அடிக்கட்டும். எல்லாம் முடிந்து தரையைக் கழுவிக் காயவிட்ட பிறகு இஞ்சியை மார்புப் பட்டையோடு உள்ளே அழைத்துச் சென்று, மூலைக்கு மூலை அது திருப்தியாகும் வரை மோந்து பார்க்க விடுங்கள். ஏழு மாதமாக அது உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பது அந்த அறையைப் பற்றித்தான்.